காதல் பிரித்துவிடும் என்று பாடிய குமாஸ்தா

இங்கிலாந்தில் மாக்கிள்ஸ்ஃபீல்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. மான்செஸ்டரிலிருந்து லண்டனுக்குப் போகிற ரயில் பாதையில், மான்செஸ்டருக்குத் தெற்கே 30 கிலோ மீட்டருக்குள் வருகிற ஊர். ஒரு காலத்தில் பட்டுக்குப் பேர் போனது. நம் காஞ்சீபுரம் மாதிரி என்று வைத்துக் கொள்ளலாம். ஆனால் அங்கே ஆலைகளில் நெய்தார்கள்.

அந்த ஊர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 1970-களின் கடைசியில் ஒரு வாலிபர் உத்தியோகம் பார்த்தார். பெயர் இயான் கர்ட்டிஸ். உடல் குறை உள்ளவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் பிரிவில் உதவி அதிகாரி. அதிகாரி என்று பெயர்தானே தவிர, மேஜை, நாற்காலி, மனு, பைல் என்று நம்மவர்கள் பலருக்கும் தெரிந்த குமாஸ்தா உத்தியோகம்தான். ஆபீஸ் முடிந்த பிறகு அவர் வேறு ஆள். ஒரு இசைக் கோஷ்டியில் பாடகர்.

அவர் எழுதிப் பாடிய ஒரு பாட்டு 1980-ம் வருடம் ஜூன் மாதம் இசைத்தட்டாக வெளிவந்தது. 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' என்பது அதன் பெயர். காதலே நம்மைப் பிய்த்துப் பிரித்துவிடும் என்று அர்த்தம். தட்டு கடைக்கு வந்தபோது பாடியவர் உயிரோடு இல்லை. அவருக்கு வயது 23.

40 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பாட்டு இன்னும் ஓயவில்லை. அப்போது பிறக்காதவர்கள் பாடுகிறார்கள். கால்பந்து மைதானத்தில் கூட்டமாகப் பாடுகிறார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்டு அழுகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்றரை நிமிடம் கூட ஓடாத ஒரு பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

பஞ்சாலை நகரத்துப் பையன்கள்

மான்செஸ்டர் என்றால் நம்மவர்களுக்குப் பஞ்சாலைதான் ஞாபகம் வரும். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் 1970-களில் அசல் மான்செஸ்டரில் ஆலைகளுக்கு மூடுவிழா நடந்து கொண்டிருந்தது. ஒட்டியுள்ள சால்ஃபோர்டில் பழைய தொழிலாளர் வீடுகளைத் தெருத் தெருவாக இடித்துவிட்டு அடுக்கு மாடிக் கட்டடங்களில் ஜனங்களைக் குடியேற்றினார்கள். அங்கிருந்த துறைமுகமும் தேய்ந்து கொண்டே வந்தது. 1982-ல் அதையும் மூடிவிட்டார்கள்.

அந்த சால்ஃபோர்டில் இரண்டு பள்ளித் தோழர்கள். ஒருவர் பெர்னார்டு சம்னர். இன்னொருவர் பீட்டர் ஹுக். ஹுக் கப்பல் கால்வாய்க் கம்பெனியின் ஆபீசில் வேலை பார்த்தவர்.

1976-ம் வருடம் ஜூன் 4-ந் தேதி மான்செஸ்டரில் ஒரு கச்சேரி. லண்டனிலிருந்து வந்த 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற கோஷ்டி. 'பங்க்' என்று சொல்லப்பட்ட புது மாதிரிச் சங்கீதம். சங்கீதம் என்று சொல்வதைவிடக் கூச்சல் என்று சொன்னவர்களே அதிகம். ஆனால் அந்தக் கூச்சலில் ஒரு சேதி இருந்தது. முறையாகச் சங்கீதம் படிக்காதவனும், காசு இல்லாதவனும் மேடை ஏறலாம் என்பதே அந்தச் சேதி. அன்றைக்கு வந்திருந்த கூட்டம் சொற்பம். அந்தச் சொற்பக் கூட்டத்தில் தோழர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். ஹுக் மறுநாளே போய் ஒரு கிட்டார் வாங்கி வந்துவிட்டார்.

பாட ஒரு ஆள் வேண்டும் என்று இசைத்தட்டுக் கடையில் விளம்பரம் ஒட்டினார்கள். அதைப் பார்த்து வந்தவர்தான் கர்ட்டிஸ். டிரம் அடிக்க மாக்கிள்ஸ்ஃபீல்டிலிருந்தே ஸ்டீபன் மோரிஸ் என்ற பையன் வந்து சேர்ந்தார். முதலில் 'வார்சா' என்று பெயர். 1978-ல் 'ஜாய் டிவிஷன்' என்று மாற்றிக் கொண்டார்கள். அந்தப் பெயர் நாஜி முகாமைப் பற்றிய ஒரு நாவலிலிருந்து எடுத்தது. விஷமமான பெயர், அதற்காக வாங்கிக் கட்டிக் கொண்டதும் உண்டு.

பங்க் கூச்சல் இரண்டு வருடத்தில் களைத்துப் போனது. அதற்குப் பின்னால் வந்தவர்கள் அதன் எளிமையை மட்டும் வைத்துக் கொண்டு கூச்சலை விட்டார்கள். கோபம் இருந்த இடத்தில் துயரம் வந்தது. வாத்தியங்களுக்கு நடுவே வெற்றிடம் விட்டு வாசித்தார்கள். இதற்கு 'போஸ்ட்-பங்க்' என்று பெயர் வைத்தார்கள். பங்குக்குப் பிந்தியது என்று பொருள். இந்த வகையில் ஜாய் டிவிஷனுக்கு முதல் வரிசையில் இடம்.

மான்செஸ்டரில் அப்போது டோனி வில்சன் என்பவர் கிரனடா டெலிவிஷனில் பேர் வாங்கியவர். தங்கள் கோஷ்டியை டெலிவிஷனில் காட்டவில்லை என்று கர்ட்டிஸ் அவருக்கு ஒரு கடுதாசி எழுதி நீட்டினார். வசவு வார்த்தைகள் நிறைந்த கடுதாசி. வில்சன் கோபித்துக் கொள்ளவில்லை. 1978 செப்டம்பரில் டெலிவிஷனில் பாட வைத்தார். தாமே 'ஃபேக்டரி' என்று ஒரு இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கி 1979-ல் அவர்களுடைய முதல் நீண்ட தட்டை 10,000 பிரதிகள் போட்டார். பெரிய மனிதர்களுக்கு எப்படியெல்லாம் மனுப் போடுகிறார்கள் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

மேஜைக்கு எதிரே வந்த பெண்

கர்ட்டிசின் ஆபீசுக்கு வேலை தேடி ஒரு பெண் வந்து கொண்டிருந்தாள். காக்காய் வலிப்பு உள்ளவள். அந்த நோயோடு அவளுக்கு வேலை கிடைப்பது சுலபமாக இல்லை. ஒரு கட்டத்தில் அவள் வருவது நின்றுவிட்டது. எங்கேயோ வேலை கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று கர்ட்டிஸ் நினைத்தார். பிறகு விசாரித்தால், அவள் வலிப்பிலேயே இறந்து போயிருந்தாள். அவளை நினைத்து அவர் எழுதிய பாட்டு முதல் நீண்ட தட்டில் இருக்கிறது. பைலை மூடி வைத்துவிட்டு அடுத்த மனுவை எடுக்கிற மனசு அவருக்கு வாய்க்கவில்லை.

அந்த நோய் அவரையும் பிடித்தது. 1978 டிசம்பர் 27-ந் தேதி, லண்டனில் கச்சேரி முடித்துவிட்டுக் காரில் ஊர் திரும்பும்போது முதல் வலிப்பு வந்தது. அடுத்த மாதமே டாக்டர்கள் காக்காய் வலிப்பு என்று சொல்லிவிட்டார்கள். நேரத்தோடு படுக்க வேண்டும், மது கூடாது, மின்னி மின்னி எரிகிற விளக்குகளுக்கு முன்னால் நிற்கக் கூடாது. பாடகனாக இருப்பவன் இதில் எதைக் கடைப்பிடிப்பது? கச்சேரியே இரவில்தான். மேடை முழுக்க விளக்குகள். மாத்திரைகளோ மனதை மந்தமாக்கி, ஒரு நாள் சிரிப்பும் ஒரு நாள் இருளுமாக ஆட்டி வைத்தன. இன்றைக்கு இருக்கிற மருந்துகள் அன்றைக்கு இல்லை.

மேடையில் அவர் ஆடுகிற ஆட்டம் விசித்திரமானது. கைகள் இரண்டும் வெட்டி வெட்டி இழுக்கும். கண் எங்கேயோ நிலைகுத்தி நிற்கும். சில நாட்களில் ஆட்டத்தின் நடுவே நிஜமாகவே வலிப்பு வந்துவிடும். எது ஆட்டம், எது நோய் என்று கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. கை தட்டினார்கள்.

வீட்டுக்குள் விழுந்த பிளவு

கர்ட்டிசுக்குக் கல்யாணம் நடந்தது 1975 ஆகஸ்டு 23-ந் தேதி. அவருக்கு வயது 19. மனைவி டெபோரா அவரைவிடச் சின்னவர். பள்ளிப் பருவத்துக் காதல். 1979 ஏப்ரலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதே வருடம், லண்டனில் பெல்ஜிய நாட்டுத் தூதரகத்தில் வேலை பார்த்த ஆனிக் ஹொனொரே என்ற பெண்ணுடன் அவருக்கு நேசம் ஏற்பட்டது. அந்த இலையுதிர் காலத்தில் கோஷ்டி முழு நேரக் கச்சேரிக்குக் கிளம்பியது. ஆபீஸ் வேலையை விட்டார். மாதச் சம்பளம் போனது. ஊர் ஊராகப் பயணம். வீட்டில் கைக்குழந்தை. உடம்பில் நோய். மனம் இரண்டு பக்கம்.

இந்த மாதங்களில் பிறந்ததுதான் அந்தப் பாட்டு.

பாட்டின் பெயரே ஒரு பதில். 1975-ல் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்ட ஒரு பாட்டு, காதல் நம்மைச் சேர்த்தே வைக்கும் என்ற தலைப்பில் வந்தது. நீல் செடாகா எழுதியது. காப்டன் அண்ட் டெனீல் என்ற தம்பதி பாடியது. கல்யாண வீடுகளுக்கு ஏற்ற பாட்டு. கர்ட்டிஸ் அதைத் திருப்பிப் போட்டார்.

காலை நாலு மணிக்கு ஒரு டெலிபோன்

1979 நவம்பரில் பி.பி.சி. ரேடியோவில் ஜான் பீல் நடத்திய நிகழ்ச்சிக்காக இந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள். டிசம்பரில் ஒலிபரப்பானது. 1980 ஜனவரியில் ஓல்டாமில் தட்டுக்காக மறுபடி பதிவு. அது திருப்தி இல்லை என்று மார்ச் மாதம் ஸ்டாக்போர்ட்டில் உள்ள ஸ்ட்ராபெர்ரி ஸ்டூடியோவில் இன்னொரு தரம்.

ஒலிப்பதிவை நடத்தியவர் மார்ட்டின் ஹானெட். கெட்டிக்காரர், அதே சமயம் ஆட்டி வைக்கிறவர். ஒரு நாள் நடு இரவு நெருங்கும்போது டிரம் மோரிஸ், வீட்டுக்குப் போகலாமா என்று அனுமதி கேட்டார். போ என்றார். மோரிஸ் போய்ப் படுத்துக் கண் அயர்ந்திருப்பார், டெலிபோன் மணி அடிக்கிறது. டிரம் சரியில்லை, வந்து மறுபடி அடிக்க வேண்டுமாம். மணி காலை நாலு. அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் உலகம் உருகுகிறது. தமக்கு மட்டும் அந்த டெலிபோன் ஞாபகம் வந்து பல்லைக் கடிக்கத் தோன்றும் என்று மோரிஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ராத்திரி ஷிப்டுக்குத் திடீரென்று ஆள் அனுப்பிக் கூப்பிடப்பட்டவர்களுக்கு அவர் கோபம் புரியும்.

வில்சன் தம் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். பிராங்க் சினாட்ராவின் பழைய பாட்டுகள் அடங்கிய தட்டை கர்ட்டிசுக்குக் கொடுத்து, இதைக் கேள் என்றார். சினாட்ரா அமெரிக்காவில் அந்தக் காலத்துக் காதல் பாட்டு மன்னர். கத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிப் பாடுகிறவர். பழைய ஜாய் டிவிஷன் பாட்டுகளையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால் குரலில் வந்த மாற்றம் தெரியும்.

அழாத குரல்

நம் சினிமாவில் சோகப் பாட்டு என்றால் தாளம் மெதுவாகும். வயலின்கள் சேர்ந்து அழும். பாடகரும் கூடவே அழுவார். இந்தப் பாட்டில் அது எதுவும் கிடையாது. தாளம் வேகமாக ஓடுகிறது. ஆடுவதற்குக் கூட ஏற்ற தாளம். சம்னர் கிட்டாரை விட்டுவிட்டு, வயலின் கூட்டம் மாதிரி ஒலிக்கிற ஒரு மின்சாரப் பெட்டியை வாசிக்கிறார். அதில் வருவது பாட்டின் அதே மெட்டு; ஒரு தரம் கேட்டால் மனதில் ஒட்டிக் கொள்ளும். சாதாரணமாக அடியில் கிடந்து உறுமுகிற பேஸ் கிட்டாரை ஹுக் மேல் தந்தியில் ஏற்றி ராகமாக வாசிக்கிறார். அது அவருடைய தனி வழக்கம். மேடையில் இந்தப் பாட்டுக்கு கர்ட்டிசே கிட்டாரை மாட்டிக் கொள்வார். அவருக்கு வாசிக்கத் தெரிந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமே போதுமானதாக இருந்தது.

இத்தனை உற்சாகத்துக்கு நடுவே அந்தக் குரல் வருகிறது. கனத்த, தாழ்ந்த, அலுத்துப் போன குரல். அழவில்லை, கெஞ்சவில்லை. நடந்ததைச் சொல்கிறது.

என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் விஷயம். கணவன், மனைவி இரண்டு பேர். தினசரி வாழ்க்கை அரைத்து அரைத்து அவர்களுக்குள் ஏதோ தேய்ந்து போய்விட்டது. ஒரே வீடு, ஒரே கூரை. பேச்சு இல்லை. பழைய அன்பின் இழை மட்டும் அறுந்து போகாமல் எங்கேயோ இழுக்கிறது. அது இழுப்பதனால்தான் வலிக்கிறது. வில்லன் இல்லாத கதை. அவள் துரோகி என்றும் சொல்லவில்லை, நான் பாவி என்றும் சொல்லவில்லை. குற்றத்தைக் காதலின் மேலேயே போட்டுவிடுகிறார்.

ஊரை விட்டு வந்து உத்தியோகம் பார்க்கிறவர்களுக்குப் பிரிவு புதிது அல்ல. பொருள் தேடிப் போகிற தலைவனையும் வீட்டில் காத்திருக்கிற தலைவியையும் பற்றிப் பாலைத் திணையில் எத்தனையோ பாட்டு இருக்கிறது. அந்தப் பிரிவுக்கு ஒரு மருந்து உண்டு. லீவு கிடைத்தால், டிக்கெட் கிடைத்தால், போய்ச் சேர்ந்துவிடலாம். இந்தப் பாட்டில் இருப்பது டிக்கெட் வாங்கித் தீராத பிரிவு. பக்கத்தில் படுத்திருக்கும்போதே வருகிற பிரிவு. அதைப் பற்றி வெளியே யாரும் பேசிக் கொள்வதில்லை. அந்தப் பாட்டுக்கு இவ்வளவு இழுப்பு இருப்பதற்கு முக்கியமான காரணம் இது என்றே சொல்லலாம். கேட்கிறவன் தன் வாயால் சொல்ல முடியாததை வேறொருவன் சொல்லிவிடுகிறான்.

கூட நின்றவர்கள் கேட்கவில்லை

இதில் நெஞ்சைப் பிசைகிற சங்கதி ஒன்று உண்டு. அவர் பாடும்போது இடப் பக்கமும் வலப் பக்கமும் நின்று வாசித்த மூன்று பேரும் பாட்டின் வார்த்தைகளைக் கவனிக்கவே இல்லை. ஒத்திகைக் கூடத்தில் சத்தம். அவரவருக்கு அவரவர் வாத்தியம். மெட்டு நன்றாக இருக்கிறது, குரல் எடுப்பாக இருக்கிறது, அது போதும். எல்லோருக்கும் வயது இருபதுக்குச் சற்று மேல். அவன் தன்னைப் பற்றித்தான் எழுதுகிறான் என்று தோன்றவில்லை என்று பிற்காலத்தில் அவர்களே வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்கள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் கர்ட்டிசும், நன்றாக இருக்கிறேன் என்றே சொல்வார். கேட்டவர்களுக்குத் தகுந்தபடி பதில் சொல்கிற சுபாவம்.

1980 ஏப்ரல் தொடக்கத்தில் அவர் ஒரு தரம் உயிரை விடப் பார்த்தார். காப்பாற்றிவிட்டார்கள். மறுநாளே பரி என்ற ஊரில் கச்சேரி. அதற்கும் அவரை அழைத்து வந்தார்கள். ஒன்றிரண்டு பாட்டுக்கு மேல் பாட முடியவில்லை. கூட்டம் ரகளை செய்தது. கச்சேரியைத் தள்ளி வைக்க ஒருவருக்குமா தோன்றவில்லை என்று இன்றைக்குக் கேட்கலாம். டெபோரா விவாகரத்துக்கு ஏற்பாடு செய்தார். ஏப்ரல் 28-ந் தேதி மான்செஸ்டரில் தாங்கள் ஒத்திகை பார்க்கிற பழைய கட்டடத்திலேயே இந்தப் பாட்டை வாசிப்பதைப் படம் பிடித்தார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் பார்க்கிற படம் அதுதான்.

மே 19-ந் தேதி திங்கட்கிழமை கோஷ்டி அமெரிக்காவுக்கு விமானம் ஏற வேண்டும். முதல் அமெரிக்கப் பயணம். 18-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மாக்கிள்ஸ்ஃபீல்டு வீட்டில் கர்ட்டிஸ் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். குழந்தைக்கு ஒரு வயதும் ஒரு மாதமும்.

கல்லில் எழுதிய பெயர்

அடுத்த மாதம் தட்டு வந்தது. இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 13-வது இடம் வரை ஏறியது. அதுவரை அவர்களுடைய எந்தத் தட்டும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. 1983-ல் மறுபடி வெளியிட்டபோது 19-வது இடம்.

பாடியவர் செத்ததனால்தான் பாட்டு பிழைத்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. முதலில் வாங்கியவர்களில் சிலருக்கு அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த அனுதாபம் எத்தனை நாள் தாங்கும்? 1983-ல் பால் யங் என்ற பாடகர் இதைத் தம் பாணியில் பாடி வெளியிட்டார். அதற்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் மென்மையாக ஆடிப் பாடுகிற மாதிரி மாற்றினார்கள். ஸ்வீடன் நாட்டுப் பாடகர் ஹோசே கொன்சாலஸ் ஒற்றைக் கிட்டாரோடு பாடினார். 2002-ல் 'என்.எம்.இ.' என்ற லண்டன் சங்கீதப் பத்திரிகை எல்லாக் காலத்துக்கும் சிறந்த தனிப் பாட்டு எது என்று வரிசைப்படுத்தி, இதற்கு முதல் இடம் கொடுத்தது. மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து ரசிகர்கள் இதே மெட்டில் ரயன் கிக்ஸ் என்ற ஆட்டக்காரரின் பெயரைப் போட்டு, எதிரிக் கட்சியைக் கிழித்துவிடுவார் என்று பாடிக் கொண்டிருந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு கர்ட்டிஸ் கதை தெரியும்?

மாக்கிள்ஸ்ஃபீல்டு சுடுகாட்டில் அவருக்கு ஒரு சிறிய கல் நட்டிருக்கிறது. அதில் பெயர், தேதி, கீழே பாட்டின் தலைப்பு. அதைப் பொறிக்கச் சொன்னது மனைவி டெபோரா. யாரைப் பற்றிய பாட்டோ அவரே அந்த வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்தார். 2008-ல் யாரோ அந்தக் கல்லையே பெயர்த்துக் கொண்டு போய்விட்டார்கள். வேறு கல் வைத்தார்கள். வெளிநாடுகளிலிருந்து கூட ஆட்கள் வந்து பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

டெபோரா 1995-ல் தம் கணவரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பாட்டைக் கேட்டு அவர் மேல் பரிதாபப்பட்டவர்கள், வீட்டில் இருந்த பெண் என்ன பட்டாள் என்பதை அதில் படித்தார்கள். அந்தப் புத்தகத்தை வைத்து 2007-ல் 'கண்ட்ரோல்' என்ற சினிமா வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகக் காட்சிகள் அதிலும் உண்டு.

மற்ற மூன்று பேரும் 'நியூ ஆர்டர்' என்று புதுப் பெயரில் தொடர்ந்தார்கள். 1983-ல் 'ப்ளூ மண்டே' என்ற நடனப் பாட்டால் உலகப் புகழ் பெற்றார்கள். பள்ளித் தோழர்களான சம்னருக்கும் ஹுக்குக்கும் பிற்பாடு ஒத்துப் போகவில்லை. 2007-ல் ஹுக் விலகினார். பெயரைப் பயன்படுத்துவது பற்றியும் பணப் பங்கு பற்றியும் வழக்கு நடந்து, 2017-ல் சமரசமாக முடிந்தது. அதற்குப் பிறகும் சம்னர் ஒரு மேடையில், ஹுக் தம் சொந்தக் கோஷ்டியோடு இன்னொரு மேடையில். இரண்டு பேருமே கச்சேரி முடிகிற வேளையில் கர்ட்டிசின் அந்தப் பாட்டை எடுத்துப் பாடுவது வழக்கம். கூட்டம் கூடவே பாடுகிறது.